லைட்டைக் கறுப்பாக்கினால் வெளிச்சம் என்ன ஆகிறது? ஸ்மோக் ஃபிலிம் பற்றி ஓர் எளிய விளக்கம்

காரின் டெயில் லைட்டுக்கோ ஹெட்லைட்டுக்கோ ஸ்மோக் ஃபிலிம், அதாவது கறுப்புச் சாயல் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒட்டுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "ஆஃப்ல இருக்கும்போதுதான் கறுப்பு, எரியும்போது வெளிச்சம் அப்படியே வரும்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் சட்டப்படி தப்பு" என்று ஒரே வரியில் கதவைச் சாத்திக்கொள்வது மறு கட்சி. முதல் கட்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் மீதிப் பொய்யையும் நம்ப வைக்கிறது. இரண்டாவது கட்சி சொல்வது பெரும்பாலும் சரிதான், ஆனால் காரணம் சொல்லாததால் யாரும் காது கொடுப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தைப் பற்றியது. பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு கூலிங் கிளாஸும் போதும், விஷயம் புரிந்துவிடும்.

அணைந்த விளக்கு ஏன் அவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது?

நல்ல வெயிலில் ஒருவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உங்கள் எதிரில் நிற்கிறார். அவருடைய கண்கள் உங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்கு உங்கள் முகம் நன்றாகவே தெரிகிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர், கறுப்புக் கண்ணாடி ஒரு பக்கம் வெளிச்சத்தை விடும், மறுபக்கம் விடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்மோக் ஃபிலிம் பற்றிய மொத்தக் குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது.

நடப்பது வேறு. வெயில் உங்கள் முகத்தில் பட்டுத் திரும்பி, கண்ணாடியை ஒரே ஒரு முறை கடந்து அவர் கண்ணுக்குப் போகிறது. அவருடைய கண் உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், வெயில் முதலில் அந்தக் கண்ணாடிக்குள் நுழைய வேண்டும், கண்ணில் பட வேண்டும், பிறகு அதே கண்ணாடி வழியாகத் திரும்பி வெளியே வர வேண்டும். இரண்டு முறை கடக்கும் ஒளி இரண்டு முறை குறைகிறது. கண்ணாடி இரு திசைக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. ஒளி போகும் பாதைதான் ஒன்றுக்கு இரண்டாகிறது.

டெயில் லைட்டுக்கு வருவோம். அணைந்திருக்கும் விளக்குக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பகலில் அது நம் கண்ணுக்குத் தெரிவதே வெளி வெளிச்சத்தால்தான். அந்த வெளிச்சம் லென்ஸுக்குள் போய், உள்ளே இருக்கும் குரோம் பூச்சில் பட்டு, மறுபடி லென்ஸ் வழியாகவே திரும்பி வருகிறது. மேலே ஒரு ஃபிலிம் ஒட்டினால் அந்த வெளிச்சம் ஃபிலிமை இரண்டு முறை கடக்கும். விளக்கு எரியும்போதோ பல்பின் ஒளி ஃபிலிமை ஒரு முறைதான் கடக்கிறது.

ஃபிலிம் ஒட்டியவர் "பார்க்க செமக் கறுப்பா இருக்கு, ஆனா எரிஞ்சா நல்லாத்தான் தெரியுது" என்று சொல்வது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. அணைந்த தோற்றம் எரியும் ஒளியைவிட வேகமாகக் கறுக்கிறது. ஆனால் எரியும் ஒளியும் குறைகிறது. அந்த 'நல்லாத்தான்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு இழப்பு ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

சதவீதத்தை எப்படிப் படிப்பது

ஒரு ஃபிலிமில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு மறுபக்கம் போகிறதோ, அதை அந்த ஃபிலிமின் கடத்தும் அளவு என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். 50% ஃபிலிம் என்றால் பாதி வெளிச்சம் கடக்கும், பாதியை ஃபிலிம் விழுங்கிவிடும். 20% ஃபிலிம் அதைவிட மிகவும் இருட்டு. எண் குறையக் குறைய இருட்டு கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். போதாக்குறைக்குச் சிலர் எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்ற எண்ணைச் சொல்லி விற்கிறார்கள். அதனால் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். அது கடக்கும் அளவா, தடுக்கும் அளவா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது விஷயம், அடுக்குகள் கூட்டல் கணக்கில் சேர்வதில்லை, பெருக்கல் கணக்கில் சேர்கின்றன. 50% ஃபிலிமை இரண்டு அடுக்கு ஒட்டினால் பாதியில் பாதி, அதாவது 25% வெளிச்சம் கடக்கும். மூன்று அடுக்கு என்றால் 12.5%. ஃபிலிமுக்குப் பதிலாகக் கறுப்பு ஸ்ப்ரே அடிப்பவர்கள் "இன்னும் ஒரு கோட் அடிச்சா கிளாஸா இருக்கும்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பெருக்கல் நடக்கிறது.

இதையே இரண்டு முறை கடக்கும் வெளிச்சத்துக்கும் போட்டுப் பாருங்கள். 70% ஃபிலிம் ஒட்டிய விளக்கு, எரியும்போது 70% ஒளி தரும். அணைந்திருக்கும்போது உள்ளிருந்து திரும்பி வரும் வெளி வெளிச்சம் 49% ஆகிவிடும். 50% ஃபிலிமுக்கு இவை 50%, 25%. 30% ஃபிலிமுக்கு 30%, 9%. பார்ப்பவர் ரசிப்பது இரண்டாவது எண்ணை. பின்னால் வருபவருடைய பிரேக் கால் நம்பியிருப்பது முதல் எண்ணை.

இதுவரை: ஃபிலிம் இரு திசையிலும் ஒரே அளவு ஒளியைத்தான் விடும். அணைந்த விளக்கு இருமடிக் கணக்கில் கறுப்பாகத் தெரிகிறது, எரியும் விளக்கு ஒருமடிக் கணக்கில் மங்குகிறது. அடுக்குகள் பெருகும்.

பிரேக் லைட்டுக்கு எவ்வளவு ஒளி தேவை?

ஒரு விளக்கு ஒரு குறிப்பிட்ட திசையில் எவ்வளவு பலமாக ஒளி வீசுகிறது என்பதை அளக்கும் அலகு கேண்டெலா. சாதாரண மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ ஒரு கேண்டெலா இருக்கும்.

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிகளில், பிரேக் லைட் நேர் பின்னால் குறைந்தது 60 கேண்டெலா தர வேண்டும் என்பது நெடுங்கால அளவு. பின்புற இண்டிகேட்டருக்கு 50. இரவில் சும்மா எரிந்துகொண்டிருக்கும் டெயில் லைட்டுக்கு வெறும் 4. டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் இவ்வளவு இடைவெளி வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் சிவப்பு, பல வண்டிகளில் இரண்டும் ஒரே இடத்தில் எரிகின்றன. சட்டென்று வரும் பிரகாசத்தை வைத்துத்தான் பின்னால் வருபவர் 'பிரேக் போட்டுவிட்டார்' என்று தெரிந்துகொள்கிறார்.

ஒரு விளக்கு 80 கேண்டெலா தருவதாக வைத்துக்கொள்வோம். 50% ஃபிலிம் ஒட்டினால் 40. அங்கேயே குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விட்டது. 20% ஃபிலிம் என்றால் 16. பகலில் பிரேக் போட்டதைக் காட்ட வேண்டிய விளக்கு, இரவு டெயில் லைட் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கேண்டெலா குறைந்தால் தூரமும் குறையும். புள்ளி போலத் தெரியும் விளக்கிலிருந்து கண்ணுக்கு வந்து சேரும் ஒளி, தூரம் இரட்டிப்பானால் நான்கில் ஒன்றாகும். இதைத் திருப்பிப் போட்டால், விளக்கின் பலம் பாதியானால், அதே அளவு ஒளி கண்ணுக்குக் கிடைக்கும் தூரம் ஏறக்குறைய 71% ஆகிறது. 200 மீட்டரில் கண்ணில் பட்ட பிரேக் லைட், 50% ஃபிலிமுக்குப் பிறகு 140 மீட்டருக்கு வந்தால்தான் அதே அளவு படும். 20% ஃபிலிம் என்றால் 90 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு சங்கதி, சிவப்பு லென்ஸே ஒரு ஃபில்டர்தான். வெள்ளை பல்பின் ஒளியில் சிவப்பை மட்டும் விட்டு, மற்ற நிறங்களை அது விழுங்கிவிடுகிறது. அந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைத்தவர்கள் பல்பையும், அதன் ஒளியை வெளியே திருப்பிவிடும் கிண்ணம் போன்ற குழிவையும் அமைத்தார்கள். உங்கள் ஃபிலிம் அவர்கள் கணக்கில் இல்லாதது.

எரியவே எரியாத ஒரு பாகம்

எனக்குப் பட்டவரை, இந்த விஷயத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்படுவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்தப் பாகம்தான்.

டெயில் லைட்டின் ஒரு ஓரத்திலோ பம்பரின் கீழேயோ, தேன்கூடு போலச் சிறுசிறு கட்டங்களாக ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அதற்குள் பல்ப் கிடையாது, வயர் கிடையாது. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் அதன் மேல் பட்டால், அந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். இதற்குப் பெயர் ரிஃப்ளெக்டர். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தளங்கள் சேரும் மூலை, எந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒளியையும் மூன்று முறை திருப்பி அதே பக்கத்துக்கு அனுப்பிவிடும். அந்தச் சிறு கட்டங்கள் ஒவ்வொன்றும் அப்படி ஒரு மூலை.

இருட்டான சாலையோரத்தில் பேட்டரி செத்து நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அந்த வண்டிக்கு வேறு எந்த விளக்கும் இல்லை. வருபவருக்கு 'இங்கே ஒன்று நிற்கிறது' என்று சொல்வது அந்தப் பட்டை மட்டும்தான்.

டெயில் லைட் முழுவதையும் ஒரே துண்டு ஃபிலிமால் மூடும்போது ரிஃப்ளெக்டரும் சேர்ந்து மூடப்படுகிறது. இங்கே ஒளி இரண்டு முறை கடக்கிறது, போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. அணைந்த விளக்கைக் கறுப்பாகக் காட்டிய அதே இருமடிக் கணக்கு இங்கே பாதுகாப்புக்கு எதிராகத் திரும்புகிறது. 50% ஃபிலிமுக்கு ரிஃப்ளெக்டர் திருப்பித் தருவது 25%. 30% ஃபிலிமுக்கு 9%. 20% ஃபிலிமுக்கு வெறும் 4%. அந்த அளவில் அது பாதுகாப்புப் பட்டையாக இல்லை, வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்.

எரியும் விளக்கின் இழப்பையாவது நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரிஃப்ளெக்டரின் இழப்பு ஒட்டியவர் கண்ணில் படவே படாது. அதைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் இன்னொரு வண்டியின் ஸ்டியரிங் பின்னால், இருட்டில், தூரத்தில் இருக்க வேண்டும்.

"நான்தான் பார்த்தேனே, நல்லாத்தானே தெரியுது?"

ஒட்டி முடித்ததும் எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி, லைட்டைப் போட்டு, நாலடி தள்ளி நின்று பார்ப்பது. பெரும்பாலும் மாலையில் அல்லது நிழலில். விளக்கு பளிச்சென்று எரியும், ஒட்டியவருக்கும் திருப்தி. இந்தச் சோதனை எதையும் சோதிப்பதில்லை.

முதல் காரணம் நம் கண். வெளிச்சம் பாதியானால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது. கண் உணரும் பிரகாசம் தோராயமாகக் கனமூலக் கணக்கில் நடக்கிறது. ஒரு விளக்கு பாதி பிரகாசமாகத் தோன்ற, அதன் ஒளி எட்டில் ஒன்று அளவுக்குக் குறைய வேண்டியிருக்கும். ஆகவே 50% ஃபிலிமைப் பார்க்கும் கண் 'லேசாகத்தான் மங்கியிருக்கிறது' என்று சொல்லும். இருட்டையும் வெயிலையும் ஒரே கண்ணால் சமாளிக்க இந்த ஏற்பாடு தேவை. ஆனால் அளவுகோலாக அந்தக் கண் உதவாது.

இரண்டாவது காரணம் பின்னணி. ஒரு விளக்கு தெரிவது அதன் பிரகாசத்தால் மட்டும் இல்லை. சுற்றியுள்ளவற்றுக்கும் அதற்கும் இருக்கும் வேறுபாட்டால். இரவில் சாலை விளக்கின் கீழ் தரையில் விழும் ஒளி சில பத்து லக்ஸ் தான் இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. நேர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அந்த வெயிலில் சாலை, வானம், வண்டியின் பெயின்ட், கண்ணாடி எல்லாமே பளபளக்கும்போது அவற்றுக்கு நடுவில் பிரேக் லைட் கண்ணில் பட வேண்டும். இரவில் 16 கேண்டெலா தாராளம். உச்சி வெயிலில் அது எரிகிறதா என்றே சந்தேகம் வரும்.

இங்கே ஃபிலிம் கட்சிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளக்குக்குள் வெயில் நேராக விழும்போது, உள்ளே இருக்கும் குரோம் பளபளத்து, எரியாத விளக்கும் எரிவது போலத் தோன்றலாம். ஃபிலிம் அந்தப் பொய்ப் பளபளப்பை இருமடிக் கணக்கில் குறைத்து, பல்பின் ஒளியை ஒருமடிதான் குறைக்கிறது. ஆகவே விளக்கின் முகத்துக்குள்ளே மட்டும் பார்த்தால் வேறுபாடு கூடுகிறது. இது உண்மை. ஆனால் பின்னால் வருபவர் விளக்கின் முகத்தைப் பக்கத்தில் நின்று ஆராய்வதில்லை. 100 மீட்டரில் அது ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளி போட்டியிட வேண்டியது மொத்தக் காட்சியோடு, அந்தக் காட்சியை உங்கள் ஃபிலிம் இருட்டாக்கவில்லை. அதோடு ஃபிலிமின் பளபளப்பான வெளிப்பரப்பும் தன் மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். அது எந்த ஃபிலிமாலும் குறைவதில்லை.

சோதித்தே ஆக வேண்டும் என்றால் உச்சி வெயிலில், வெயில் நேராக விளக்கின் மேல் படும்படி வண்டியை நிறுத்தி, வேறொருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லி, நூறு மீட்டருக்கு அப்பால் நின்று பாருங்கள். ஃபிலிம் ஒட்டாத இன்னொரு வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பேச்சே தேவைப்படாது.

இதுவரை: கண் இழப்பைக் குறைத்துக் காட்டும். இரவுச் சோதனை பகலுக்குப் பொருந்தாது. எரியாத ரிஃப்ளெக்டர்தான் அதிகம் இழக்கிறது.

ஹெட்லைட்டின் கதை வேறு

டெயில் லைட் பிறருக்குத் தெரிவதற்காக. ஹெட்லைட் நாம் பார்ப்பதற்காக. அதன் ஒளி சாலைக்குப் போய், எதன் மேலாவது பட்டு, அதில் ஒரு பகுதி நம் கண்ணுக்குத் திரும்ப வேண்டும். இருட்டு உடை அணிந்து சாலையைக் கடப்பவர் தன் மேல் படும் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் திருப்பித் தருவார். அங்கே ஒவ்வொரு துளியும் கணக்கு.

50% ஃபிலிமுக்கு முன் 60 மீட்டரில் அவர் மேல் விழுந்த அளவு ஒளி, அதன்பிறகு தோராயமாக 42 மீட்டரில்தான் விழும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 18 மீட்டரைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. அந்த நொடிக்குள்தான் ஓட்டுநர் அவரைக் கண்டு காலைப் பிரேக்குக்கு மாற்ற வேண்டியிருந்தது.

ஹெட்லைட்டில் அளவு மட்டும் பிரச்சினை இல்லை, வடிவமும்தான். லோ பீம் போட்டு ஒரு சுவருக்கு முன் நின்றால், மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக ஒரு கோடு தெரியும். எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்காமல் சாலையில் மட்டும் ஒளி விழுவதற்கான கோடு அது. உள்ளிருக்கும் குழிவோ, லென்ஸ் வைத்த புரொஜெக்டரோ அதை மிகத் துல்லியமாக வரைகிறது. ஃபிலிமில் சுருக்கமோ காற்றுக் குமிழோ இருந்தால், ஸ்ப்ரே ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக உறைந்திருந்தால், ஒளி அங்கே சிதறும். கோடு கலங்கும். உங்களுக்கு முன்னால் வெளிச்சம் குறைந்து, எதிரில் வருபவருக்குக் கூச்சம் கூடும். ஒரே ஒட்டலில் இரு தரப்புக்கும் நஷ்டம்.

இன்னொன்று புதிதாகச் சேர்ந்தது. இப்போது வரும் பல கார்களில் ஹை பீமைத் தானாகவே இறக்கும் வசதி உண்டு. முன்னால் போகும் வண்டியின் டெயில் லைட்டைக் கண்ணாடிக்குப் பின்னிருக்கும் கேமரா பார்த்து அதை முடிவு செய்கிறது. உங்கள் டெயில் லைட் மங்கலாக இருந்தால் அது தாமதமாகக் கண்டுபிடிக்கும். அதுவரை ஹை பீம் உங்கள் கண்ணாடியில் அடித்துக்கொண்டே வரும்.

பவர் கூடின பல்ப் போட்டால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. பிரேக் லைட்டுக்குப் பரவலாகப் பயன்படும் 21 வாட் பல்ப் ஏறத்தாழ 460 லூமன் தருகிறது; லூமன் என்பது எல்லாத் திசைக்கும் சேர்த்து வெளிவரும் மொத்த ஒளி. இதைவிட அதிக வாட் பல்பைப் போட்டால் சூடும் கூடும். ஹோல்டரும் பிளாஸ்டிக் உறையும் அந்தச் சூட்டுக்கு வடிவமைக்கப்படவில்லை. லென்ஸ் உருகி உப்பிப்போவது இப்படித்தான்.

எல்இடி பல்புக்கு மாறுவது அடுத்த யோசனை. வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலமும் மஞ்சளும் தூக்கல், ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் அதைப் போட்டால், எண்ணில் பிரகாசமாக இருந்தும் வெளியே வருவது ஏமாற்றமாக இருக்கும். சிவப்பு எல்இடி தேவலை. ஆனால் பழைய பல்பின் இழை இருந்த அதே இடத்திலிருந்து, அதே மாதிரி எல்லாப் பக்கமும் ஒளி வந்தால்தான் உள்ளிருக்கும் குழிவு அதைச் சரியாக விரிக்கும். எல்இடியின் ஒளி பிறக்கும் இடமும் பரவும் விதமும் வேறு. நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் இருட்டாகவும் போய்விடும். இண்டிகேட்டரில் போட்டால், மின்சாரம் குறைவாக இழுப்பதால் பல வண்டிகளில் பல்ப் போய்விட்டதாக எண்ணி வேகவேகமாகச் சிமிட்டத் தொடங்கும். ஹெட்லைட்டில் இந்த விளையாட்டு இன்னும் மோசம். ஹாலஜன் என்ற இழை பல்புக்கான உறையில் எல்இடி போட்டால், மேலே சொன்ன அந்தக் கோடு பெரும்பாலும் காணாமலே போகும்.

நிற ஃபிலிம்கள் பற்றி ஒரு வரி. சிவப்பு ஃபிலிமை முழு டெயில் லைட்டின் மேலும் ஒட்டினால் மஞ்சள் இண்டிகேட்டர் சிவப்பாகும், வெள்ளை ரிவர்ஸ் லைட்டும் சிவப்பாகும். பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா, பின்னே வருகிறீர்களா என்று ஒன்றும் புரியாது.

கம்பெனியிலிருந்தே கறுப்பாக வருகிறதே?

வருகிறது. நல்ல கேள்விதான். "அவங்க பண்ணலாம், நாம பண்ணக் கூடாதா?" என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும்.

கம்பெனியின் கறுப்பு விளக்குகளில் பெரும்பாலானவற்றில் லென்ஸ் கறுப்பாக இருப்பதில்லை. கூர்ந்து பாருங்கள். லென்ஸ் தெளிவாக இருக்கும். உள்ளே பல்பையும் குழிவையும் சுற்றியிருக்கும் அலங்காரச் சட்டம்தான் கறுப்பாக இருக்கும். அதை பெசல் என்பார்கள். சாதாரண மாடலில் அந்தச் சட்டம் குரோமாக இருக்கும். வெளி வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புவது பெரும்பாலும் அந்தச் சட்டத்தில் பட்டுத்தான். அதைக் கறுப்பாக்கினால் அணைந்த விளக்கு கறுத்துவிடும், எரியும் ஒளியின் பாதையோ அப்படியே இருக்கும்.

உண்மையிலேயே லென்ஸை இருட்டாகச் செய்யும் மாடல்களும் உண்டு. அங்கே அந்த இருட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு உள்ளே எல்இடியைப் பலமாக வைக்கிறார்கள். முழு விளக்கையும் அளந்து அங்கீகாரம் வாங்கிய பிறகுதான் அது வண்டியில் ஏறும். அதற்கான அடையாளம் லென்ஸிலேயே இருக்கும்: ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும். அந்த எண் அங்கீகாரம் தந்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அமெரிக்கச் சந்தைக்கான விளக்குகளில் 'டாட்' (DOT), 'எஸ்ஏஈ' (SAE) என்ற எழுத்துக் குறிகள் இருக்கும். அந்த முத்திரை அளக்கப்பட்ட நிலையில் இருந்த விளக்குக்குத்தான் பொருந்தும். மேலே ஃபிலிம் ஏறியதும் நீங்கள் ஓட்டுவது யாரும் அளக்காத ஒரு விளக்கு. "சட்டப்படி தப்பு" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். தண்டனை நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் வருடாந்தரச் சோதனையிலேயே வண்டி தேறாது, ஆனால் அடிப்படை ஒன்றே.

கைவைக்கும் வழிகள்

ஸ்ப்ரே எனக்குப் பிடிக்காதது. ஹெட்லைட் லென்ஸ் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். டெயில் லைட் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் இவற்றின் மேற்பரப்பைத் தின்று, முடி போன்ற நுண்ணிய விரிசல்களை உண்டாக்கலாம். நன்றாக ஒட்டிப் பிடிப்பதற்காக, அடிக்கும் முன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் சொல்வார்கள். தேய்த்ததும் அந்தப் பாதுகாப்புப் பூச்சு போய்விடும். பிறகு மனம் மாறி ஸ்ப்ரேயை எடுத்தாலும், அடியில் கிடைப்பது மஞ்சளித்துப்போகக் காத்திருக்கும் லென்ஸ்தான். எத்தனை கோட் விழுந்தது, எவ்வளவு கடத்துகிறது என்று அடித்தவருக்கே தெரியாது.

ஃபிலிமுக்கு அந்த ஆபத்து குறைவு. வேண்டாம் என்றால் உரித்துவிடலாம். கடத்தும் அளவும் முன்பே தெரியும்.

விளக்கைத் திறந்து உள்ளே இருக்கும் பெசலுக்கு மட்டும் கறுப்பு அடிப்பது மூன்றாவது வழி. ஒளியின் கணக்குப்படி இதுதான் சரியான இடம். ஆனால் வேலை லேசானதல்ல. லென்ஸையும் உறையையும் இணைக்கும் பசையைச் சூடாக்கி இளக்கித்தான் பிரிக்க வேண்டும். திரும்ப ஒட்டும்போது ஒரு நூல் இடைவெளி விட்டாலும் மழை நீரும் ஈரப்பதமும் உள்ளே புகுந்து லென்ஸ் பனித்துப்போகும். இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பெசல் என்று நினைத்து, ஒளியைத் திருப்பும் குழிவுக்கே பெயின்ட் அடித்துவிடுவது. பழைய டெயில் லைட்டுகளில் இரண்டும் ஒரே குரோம் துண்டாக இருக்கும். பல்ப் எரியும்போது எந்தப் பரப்பு பளபளக்கிறதோ அது குழிவு. அதைத் தொடக் கூடாது. பிரித்து ஒட்டிய விளக்கின் அங்கீகாரம் பல நாடுகளில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கறுப்புத் தோற்றம்தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கே கறுப்புப் பெசலோடு, முத்திரையோடு, முழு விளக்காகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் சொல்லும் வழி. விலை கூடும். ஆனால் பிரேக் லைட்டின் கேண்டெலா அதற்காகக் குறைவதில்லை. விளக்கைச் சுற்றியுள்ள குரோம் பட்டை, கிரில், லோகோ ஆகியவற்றைக் கறுப்பாக்கினாலே வண்டியின் பின்புறமும் முன்புறமும் பாதி மாறிவிடும், அங்கே எந்த ஒளியும் பலியாவதில்லை.

ஏற்கெனவே ஃபிலிம் ஒட்டியிருப்பவர்கள் முழுவதையும் எடுக்க மனமில்லை என்றால், குறைந்தபட்சம் ரிஃப்ளெக்டர் பட்டையின் மேலும், பின் கண்ணாடியில் உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் மேலும் ஒட்டியதை இன்றே உரித்துவிடலாம். ஹேர் டிரையரால் ஃபிலிமை இளஞ்சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக, லென்ஸோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக இழுங்கள். பசை மிஞ்சினால் பெட்ரோலோ தின்னரோ தொடாதீர்கள், அவை லென்ஸைக் கலங்கடித்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.